வேட்பாளர் செய்த சவரம்

முகத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் மனிதனுக்குக் கவனம் வேண்டும். எனக்கு அது இல்லாமல் போயிற்று. தேர்தல் நேரத்தில் டீ ஆற்றும் வேட்பாளர், துணி தேய்க்கும் வேட்பாளர் என்று வீடியோக்கள் வரும்போதெல்லாம், இதைப் பார்த்து யாராவது ஓட்டுப் போடுவார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் அப்படி ஒரு வீடியோவில் நடித்தவன். நடிப்பு என்றா சொன்னேன்? வெட்டுப்பட்டவன்.

சொந்த ஊர், ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் நகரி. திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் கூடி வரவில்லை. மூன்றாவதாகப் புத்தூரில் கஸ்தூரி. அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். (உண்மையில் ஒரு தோசை கூடுதலாகத்தான் இறங்கியது.) ஞாயிறு சாயங்காலம் பெண் பார்க்கப் போவதாக முடிவாகியிருந்தது.

சனிக்கிழமை காலையில் சேகர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் தெருவில் கட்சி வேலையெல்லாம் அவர்தான். (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவரே அதன்பின் இரண்டு முறை மாறிவிட்டார்.) வேட்பாளர் பத்து மணிக்கு ஊர்வலமாக வருகிறார், வழியில் முனிரத்தினம் அண்ணன் சலூனில் இறங்கி ஒரு வாக்காளருக்குத் தன் கையால் சவரம் செய்வார், அதை வீடியோ எடுப்பார்கள். இது மேலிடத்துத் திட்டம். சலூன் கிடைத்துவிட்டது, கழுத்தைக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"நாளைக்கு எப்டியும் சேவிங் பண்ணிக்கினுதானே போவப்போற? இன்னைக்கே பண்ணிக்க. தொகுதியே உன் மூஞ்சியப் பாக்கும்டா," என்றார் மாமா.

புத்தூரும் அதே தொகுதிதான். கஸ்தூரி பார்ப்பாள். எம்எல்ஏ ஆகப்போகிறவரே கன்னத்தைத் தொட்ட மாப்பிள்ளை! என் அறிவு அதற்குமேல் வேலை செய்யவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

முனிரத்தினம் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "பிளேடு போடாத கத்தியக் குடுத்துடறேன். நொரைய வழிச்சாப் போதும்," என்றார்.

"பிளேடு இல்லன்னு எதிர்க்கட்சிக்காரன் கண்டுபுடிச்சா மானம் போயிடும்," என்றார் மாமா.

"நான் பலூன் மேல நொரையப் பூசி மாசக்கணக்கா கத்துக்கினேன், சேகரு."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. பிளேடு போடப்பட்டது.

வேட்பாளர் மாலையோடு வந்தார். "ஏம் தம்முடு, பாகுன்னாவா?" என்று தெலுங்கில் நலம் விசாரித்து என் தோளில் கை வைத்தார். கன்னத்தில் முதல் இரண்டு இழுப்பு, குறை சொல்லக் கூடாது, நன்றாகவே போனது. காமிராக்காரர்தான் கெடுத்தார். "சார், கத்தி சரியாத் தெரியல. கொஞ்சம் மேல கொண்டாங்க," என்றார். கத்தி என் மூக்குக்குக் கீழே வந்த நொடியில் வெளியே மாமாவின் ஆட்கள் ஆயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார்கள்.

வேட்பாளர் தூக்கிவாரிப் போட்டாற்போல் துள்ளினார். ஆண்டவன் புண்ணியம், ரத்தம் வரவில்லை. என் இடப்பக்க மீசை மட்டும் அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் காமிராவைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி, "தேங்க்ஸ் சார்" என்றேன். அவர் சட்டையைத் தட்டிக்கொண்டே அடுத்த கடைக்குத் தோசை ஊற்றப் போய்விட்டார்.

மீதி மீசையை முனிரத்தினம் அண்ணன் எடுத்துவிட்டார். வீட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் பக்கம் மீசை வைத்தவன் அதை எடுத்தான் என்றால் அப்பனைப் பறிகொடுத்தான் என்று அர்த்தம்.

"நைனா குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கும்போது மீசைய எடுத்துக்கினு வந்து நிக்கிறியேடா, பாவி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நைனா தன் நெஞ்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்த மூஞ்சோட போனா சகுனம் சரியில்லன்னு வாசல்லயே அனுப்பிடுவாங்க," என்றார்.

கஸ்தூரி கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "மீசை மட்டும் போனா சாவு. முடியோட சேர்ந்து போனா சாமி. கெளம்புடா."

அடுத்த பஸ்ஸில் திருப்பதி, அங்கிருந்து மலை, முழு மொட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்ன வேண்டுதல் என்று கேட்டார். "எலக்‌ஷன்," என்றேன். நானே நிற்கிறேன் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் புத்தூரில், சந்தனம் பூசிய என் தலையைப் பார்த்துப் பெண்ணின் அப்பா மகிழ்ந்து போனார். "ரொம்ப நாள் வேண்டுதல்," என்றார் நைனா, முகம் மாறாமல். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது கஸ்தூரி என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். பின்பக்கம் போனதும் போனை நீட்டினாள். அந்த வீடியோ.

"இது நீங்கதானே?"

பொய் சொல்லத் திராணி இல்லை. "நான்தான்."

"மீசை போச்சி. எதுக்குக் கும்புட்டீங்க?"

"காமிரா இருந்திச்சி…"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடங்க நேரமாயிற்று. பிறகு உள்ளே போய், சம்மதம் என்று சொல்லிவிட்டாள். (கழுத்தில் கத்தி வைத்தாலும் கோபம் வராத ஆள், சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றியதாம்.)

வேட்பாளர் தோற்றார். "எங்க தொழில ரெண்டு நிமிஷத்துல செஞ்சிடலாம்னு வந்தாரு, நான் போடல," என்றார் முனிரத்தினம் அண்ணன். கஸ்தூரியும் போடவில்லை. "அவரு கையில எடுத்தது ஒரே வேலை. அதையும் பாதியில உட்டுட்டுப் போனாரு," என்பது அவள் கட்சி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரைகுறையாக விட்ட எந்த வேலைக்கும் 'கேண்டிடேட் சேவிங்' என்று பெயர். நான் பாதி அடித்த ஒட்டடை, மகள் பாதி எழுதிய வீட்டுப்பாடம், எல்லாம் அதில் அடக்கம். மாமனார் வந்தால் வீடியோவை மறுபடி போடச் சொல்வார். பார்த்து முடித்ததும், "இந்தாளுக்கும் எவனாவது ஓட்டுப் போட்டிருப்பானா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நான் போட்டேன். லாட்ஜில் எத்தனையோ பெரிய மனிதர்கள் என் முகத்தைப் பார்க்காமலே சாவியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவர் பார்த்தார், நன்றாக இருக்கிறாயா என்றும் கேட்டார். முடி முளைக்காத தலையோடு பூத்துக்குள் நின்றபோது, விரல் தானாக அவர் சின்னத்துக்குப் போய்விட்டது. இதைக் கஸ்தூரியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.