யூலியா சாப்பிட்ட புட்டு

"இப்போது என்ன உடுத்தியிருக்கிறாய்?" என்று பெர்ண்ட் கேட்டிருந்தான். யூலியாவாக இருந்து பதில் எழுத வேண்டிய நித்தியானந்தன், பழக்க தோஷத்தில், "அது கிடக்கட்டும், சாப்பிட்டாயா?" என்று தட்டி அனுப்பிவிட்டார்.

அனுப்பிய பிறகுதான் தான் யூலியா என்பது நினைவுக்கு வந்தது.

யூலியா தன் கவர்ச்சிப் படங்களை இணையத்தில் விற்றுப் பிழைக்கிற பெண். படம் வாங்குகிறவர்கள் அவளோடு இரண்டு வார்த்தை பேசவும் ஆசைப்படுவார்கள். அத்தனை பேருக்கும் பதில் எழுத அவளுக்கு ஏது நேரம்? அதற்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது. அந்த நிறுவனம் யூலியாவுக்கு அமர்த்திய ஆள்தான், ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு மூன்றாம் மாடியில், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தேழு வயது நித்தியானந்தன்.

இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி முதுகு போய்விட்டது. பிறகு வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் பக்கத்து நகரமான டோர்ட்மண்டில் வளர்ந்த தமிழ்ப் பெண் டொறத்தி, அந்த நிறுவனத்தில் மேற்பார்வை பார்ப்பவள், "உங்கட ஜெர்மன் நல்லம் அங்கிள், இருந்து எழுதிற வேலைதான்" என்று சேர்த்துவிட்டாள். மூன்று மாதத் தகுதிகாண் காலம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தாண்டிவிட்டால் நிரந்தரம். தாண்டாவிட்டால் அந்த முதுகை வைத்துக்கொண்டு அவருக்கு வேறு கதி இல்லை.

மனிதர் கூச்ச சுபாவம். திரையின் இடது பாதியில் யூலியாவின் படங்கள் வந்து வந்து போகும். முதல் நாளே தமிழ்க் கடை நாட்காட்டியின் பின்னட்டையை வெட்டி அந்தப் பாதியை மூடி ஒட்டிவிட்டார். மூன்று மாதமாக யூலியாவாக வாழ்கிறார். யூலியா கறுப்பா சிவப்பா என்று கேட்டால் தெரியாது. மனைவி சந்திரகாந்தியிடம் "வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுற வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தார். பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

பெர்ண்டின் பதில் வந்தது. "இல்லை, சாப்பிடவில்லை. என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை."

நித்தியானந்தனுக்கு மனம் இளகிவிட்டது. அகதி முகாமில் கழித்த முதல் பனிக்காலத்தில் அவரையும் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. உடுப்புப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, "மணி மூன்றாகிறது. எழும்பிப் போய் ஏதாவது சாப்பிடு" என்று அதட்டினார்.

"ஒரு துண்டுப் பாண் இருக்கிறது. நீ என்ன சாப்பிட்டாய்?"

மூளையை முந்திக்கொண்டு வயிறு பதில் சொன்னது. "புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும்."

"ஜெர்மன்காரி நீ. அதெல்லாம் உனக்கு எங்கே கிடைத்தது?"

"அயலில் ஒரு தமிழ் அங்கிள் இருக்கிறார். அவர் தருவார்."

"எந்த ஊரில்?"

"ஹம்," என்று எழுதினார், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம் என்பதே தெரியாமல்.

உரையாடல்களை இடைக்கிடை திறந்து பார்க்கிற டொறத்தி பத்து நிமிடத்தில் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், ஊர்ப் பேர் சொல்லக்கூடாது எண்டு முதல் நாளே சொன்னனான்! ஆளை எப்பிடியாவது கழட்டி விடுங்கோ. இல்லாட்டி வெள்ளிக்கிழமை என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

"கழட்டிறன் பிள்ளை, கழட்டிறன்."

கழற்றுவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி நோய். "எனக்குக் காய்ச்சல். சில நாள் எழுத மாட்டேன்" என்று அனுப்பினார்.

"நான் டோர்ட்மண்டில்தான் இருக்கிறேன். அரை மணி நேர ரயில். மருந்தோடு வருகிறேன்."

"வராதே! அங்கிள் பார்த்துக்கொள்கிறார்."

"அங்கிள் நல்லவரா?"

"தங்கமான மனிதர்," என்று கொஞ்சமும் கூசாமல் எழுதினார் நித்தியானந்தன்.

அதுதான் வினையாகிப் போனது. "அப்படியானால் அவரை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்தப் புட்டையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு உன்னைத் தொந்தரவே செய்ய மாட்டேன்."

பிறகு தொந்தரவே இல்லை! நித்தியானந்தன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஹம் ரயில் நிலைய வாசலில் அங்கிள் புட்டோடு நிற்பார். பெர்ண்ட் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்ப வேண்டும். ஒப்பந்தம் முடிந்தது. இனி மிச்சம் புட்டு அவிப்பதுதான்.

"ஆர் பெர்ண்ட்?" என்றாள் சந்திரகாந்தி.

"கஸ்டமர்."

"கஸ்டமருக்கு ஏன் புட்டு?"

"தனிய இருக்கிறானாம். சாப்பிடுறேல்லையாம்."

சந்திரகாந்திக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வியாழக்கிழமை விடியவே தேங்காய் துருவத் தொடங்கிவிட்டாள். புட்டு, பால்கறி, முட்டைப் பொரியல், சம்பல் என்று அடுக்கி, பெட்டிகளை மூடி, தன் குளிர் அங்கியையும் எடுத்து மாட்டினாள்.

"நீர் எங்க?" என்றார் நித்தியானந்தன்.

"நானும் வாறன். இவ்வளவையும் உங்கட முதுகு தூக்குமே?"

"வெளியில சரியான குளிர்."

"குளிருக்குத்தானே கோட் போட்டிருக்கிறன்."

வழியெல்லாம் அவருக்கு வியர்த்தது. பெர்ண்ட் வந்ததும் வராததுமாக "யூலியா எப்படி இருக்கிறாள்?" என்று கேட்பான். "ஆர் யூலியா?" என்று இவள் திரும்புவாள். "நான்தான்" என்றா சொல்வது? வேலை போனாலும் போகட்டும், முப்பது வருடக் குடும்பம் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

டோர்ட்மண்ட் ரயில் வந்து, கூட்டம் வெளியே வந்தது. தாடிக்காரர் ஒருவர் வந்தார்; நித்தியானந்தன் மூச்சைப் பிடித்தார்; அவர் தாண்டிப் போனார். சைக்கிளோடு ஒருவன் வந்தான், அவனும் போனான். கூட்டம் கரைந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஓர் இளம்பெண் மட்டும் எஞ்சி நின்று, சந்திரகாந்தியின் கையில் இருந்த பையையே பார்த்தாள்.

"பெடியன் ஏமாத்திப்போட்டான்," என்றார் நித்தியானந்தன். கவலையோடு சொல்லத்தான் பார்த்தார். குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. "வாரும், போவம்."

அந்தப் பெண் கிட்ட வந்தாள். "புட்டா?" என்றாள்.

"ஓம், புட்டு," என்றாள் சந்திரகாந்தி. ஜெர்மன்காரியின் வாயில் அந்தச் சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில் தமிழிலேயே தொடங்கி, பிறகு ஜெர்மனுக்கு மாறினாள். "ஆனால் பிள்ளை, இது உமக்கில்லை. பெர்ண்ட் என்று ஒரு பையனுக்குக் கொண்டுவந்தது. பாவம், அவன் சாப்பிடுவதில்லையாம்."

பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தொப்பியைக் கழற்றிவிட்டு, நித்தியானந்தனை நேராகப் பார்த்தாள்.

"பெர்ண்ட் நான்தான், அங்கிள். என் பெயரில் எழுதுகிறவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் ஆண் பெயரில் வாடிக்கையாளராக வந்தேன். யூலியா நான்தான்."