அமெரிக்க ராத்திரியும் எங்கள் தெருச் சூளையாரும்

விருத்தாசலத்தில் சூரியனோடு நேருக்கு நேர் தகராறு செய்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்துகொண்டு என் உயிரை வாங்குகிறார். நேரில் அண்ணே என்பேன். முதுகுக்குப் பின்னால் ஊரே சொல்லும் பெயர் சூளையார். செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் சூளைக்கு நெருப்புப் பார்த்து ரிட்டயர் ஆனவர். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டை அவர் கையால் வெந்தது என்பார். இருக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்.

சூளைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நெருப்பு எரியும்போது அடுத்த ஷிப்ட் ஆள் வரவேண்டும், துளை வழியாக உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு "எடுத்துக்கிட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அதன் பிறகுதான் முந்தின ஆள் இடத்தை விட்டு நகரலாம், கண்ணை மூடலாம். இதற்குப் பெயர் சார்ஜ் மாற்றுவது. தலையாட்டினால் செல்லாது. முப்பது வருஷம் இப்படிப் பழகிய மனிதருக்கு, யாராவது அந்த வார்த்தையைச் சொல்லாமல் தூக்கம் வராது. அவர் மனைவி இருந்தவரை, கேஸை மூடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு தினமும் அவரிடம் சொல்வாராம். அந்த அம்மா போன பிறகு அமெரிக்காவில் இருக்கும் மகள் கயலுக்குப் போன் போட்டு, அவள் சொன்னபிறகு படுப்பார். கயல் என்னிடம் படித்த பெண். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் எத்தனை நாள் "எடுத்துக்கிட்டேன்ப்பா" என்று முணுமுணுத்தாளோ தெரியாது.

இப்படிப்பட்டவர் முதல் தடவை மகள் வீட்டுக்குப் போனார். பேத்தி யாழினிக்கு முதல் பிறந்தநாள். போய் இறங்கினவர் சோபாவில் சாய்ந்தார், அவ்வளவுதான். கேக் வெட்டுகிற போட்டோ அத்தனையிலும் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது இவர்தான். பகலெல்லாம் குறட்டை, ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு சமையலறையில் பாத்திரம் உருட்டல். இருந்த நாள் முழுக்க இதே கதை. ஒரு நாள் மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் மாமா தூங்குகிறார், குழந்தை மாடிப்படியில் பாதி ஏறியிருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாப்பிள்ளை அதை மறக்கவில்லை.

ஏன் இப்படித் தூங்கினீர்கள் என்று நான் கேட்டபோது, அவரிடம் பதில் தயாராக இருந்தது. "மவ வூட்டுல கால வச்சதுமே சார்ஜ் அவகிட்ட போயிடுச்சு டீச்சர். அப்புறம் நான் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

போன வருஷம் கயலுக்கு இரண்டாவது பிரசவம். ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கூட இருக்கவேண்டும், நாலு வயசு யாழினியை வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, வரமுடியாது. அதே ஊரில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு நானும் அப்போது கிளம்பிக்கொண்டிருந்தேன். கயல் எனக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், அப்பாவ உங்ககூட கூட்டிகிட்டு வந்துடுங்க. எங்க வூட்டுக்காரரு ஆள் வச்சிக்கலாங்கறாரு, அப்பாவ நம்பி புள்ளய விடமாட்டேங்கறாரு. எனக்கு அப்பாதான் வேணும்னு சண்ட போட்டு டிக்கெட் எடுத்திருக்கேன். ஆனா எனக்கும் பயமாத்தான் இருக்குது டீச்சர்."

அதே பேச்சை அவளே அப்பாவிடமும் சொல்லியிருக்கவேண்டும். மறுநாளே சூளையார் களத்தில் இறங்கிவிட்டார்.

செல்போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். மேற்கே பறக்கிறவர்கள் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுப் பழகவேண்டும், கிழக்கே பறக்கிறவர்கள் முன்னுக்கு இழுக்கவேண்டும் என்று அதில் சொன்னார்களாம். இவர் அதோடு தன் தொழிலையும் சேர்த்துக்கொண்டார். வெந்த சூளையை ஒரேயடியாக ஆறவிட்டால் பீங்கான் விரிசல் விடும். அதனால் உடம்பையும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆற்றவேண்டும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு மணி நேரம் தள்ளிப் படுப்பது என்று முடிவு. கிளம்புவதற்குள் விருத்தாசலத்தில் இருந்தபடியே முழு அமெரிக்கராக மாறிவிடுவாராம்.

முதல் சில நாள் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாங்கள் எழுந்து வாசல் தெளிக்கும்போது அவர் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு உலாத்துகிறார். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு அதுதான் விடியல் என்று நம்பிவிடுமாம். அதனால் பஸ் ஸ்டாண்டில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்தவர்கள் கண் ஆபரேஷன் என்று முடிவுகட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அவர்கள் வந்த நேரத்தில் அவருக்கு நடு ராத்திரி. கதவில் ஒரு அட்டை தொங்கியது: இங்கு இப்போது ராத்திரி, சத்தம் போடாதீர்கள். கூரியர்காரர் அதைப் படித்தார், அண்ணாந்து வெயிலைப் பார்த்தார், பார்சலை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் என் வீட்டில்? அங்கேதான் என் தலைவிதி. பகலில் தூங்குவதால் மகளிடம் சொல்லிவிட்டுப் படுக்க முடியாது, அவள் தூங்குகிற நேரம். அதனால் தினமும் காலையில் நான் அடுப்பில் பாலை வைத்த நேரம் பார்த்து என் வாசல் கேட் அருகே வந்து நிற்பார். "டீச்சர், நான் படுக்கப் போறேன்." சரிங்கண்ணே என்பேன். நகரமாட்டார். "சரின்னா பத்தாதுங்க." பால் பொங்கி அடுப்பில் வழியும். எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன், போய்த் தொலையுங்க என்று கத்துவேன். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் வீட்டு சிலிண்டர், தண்ணீர் மோட்டார், ஆரஞ்சுப் பழம் எல்லாம் என் பொறுப்பு. பழைய இரும்பு வாங்குகிற ஆட்டோ மைக்கைப் போட்டுக்கொண்டு தெருவில் நுழைந்தால் ஓடிப்போய் நிறுத்தவேண்டியதும் நான்தான்.

சாயங்காலம் எழுந்து வந்து எனக்குக் குட் மார்னிங் சொல்வார். ஒரு ரிசப்ஷனில் எல்லாரும் பிரியாணி சாப்பிட, இவர் மட்டும் இட்லி இருக்குதா என்று கேட்டு மானத்தை வாங்கினார். மளிகைக்கடை பாய் இருபது வருஷம் துபாய்க்குப் போய் வந்தவர். பிளேனில் ஏறினால் தூங்குவேன், இறங்கினால் வேலைக்குப் போவேன், இதெல்லாம் ஒரு விஷயமா என்று அவர் கேட்டார். துபாய் என்ன தூரம், அது பக்கத்து வூடு என்று சூளையார் அவர் பேச்சைத் தள்ளிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போடமாட்டார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். கிளம்புகிற நாளில் மனிதர் நிஜமாகவே அமெரிக்க நேரத்தில்தான் இருந்தார். கணக்குப்படி முதல் விமானத்தில் விழித்திருப்பார், வழியில் மாறி ஏறும் நீளமான விமானத்தில் பாதி வழி தூங்குவார், இறங்கும்போது புத்தம்புதிதாக இருப்பார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய்ச் சேர்வதாக ஏற்பாடு.

முதல் விமானத்தில் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, பைலட்டுக்கு அடுத்த ஷிப்ட் ஆள் இருக்கிறாரா என்று என்னைக் கேட்கச் சொன்னார். வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். நீண்ட பயணத்துக்கு மாற்று ஆட்கள் உண்டு என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். "பாத்தீங்களா, இங்கயும் சார்ஜ் மாத்தறாங்க" என்று அவருக்கு ஒரே பெருமை, அவரே அந்த முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தமாதிரி.

விமானம் மாறும் ஊரில்தான் எல்லாம் கவிழ்ந்தது. அடுத்த விமானத்தில் ஏதோ கோளாறு, அரை நாளுக்கு மேல் தாமதம் என்று அறிவித்தார்கள். சூளையாருக்கு அது சரியான ராத்திரி. இங்கேயே நாற்காலியில் தூங்குங்கள், பெட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முறைப்படி எடுத்துக்கிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடினார். நான் விருத்தாசலத்து ஆள், எனக்கும் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் கிடையாது. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். யாராக இருந்தாலும் அயர்ந்திருப்பார்கள்.

விழித்துப் பார்த்தால் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார்ஜ் எடுத்துகிட்டு தூங்கிட்டீங்களே டீச்சர்" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். குரலில் அப்படி ஒரு ஏமாற்றம். அதற்குமேல் அவர் தூங்கவில்லை. அடுத்த விமானத்திலும் தூங்கவில்லை. நான் எத்தனை தடவை எடுத்துக்கிட்டேன் சொன்னாலும் அது இனி செல்லாது. மேற்கே போகப் போக ஜன்னலுக்கு வெளியே ராத்திரியும் முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் விளக்கை அணைத்தும் இவர் கொட்டக் கொட்ட முழித்தபடி இருந்தார். அத்தனை நாள் பாடுபட்டு ஆற்றிய சூளை என் கண் முன்னால் விரிசல் விட்டது. நான் மட்டும் நன்றாகத் தூங்கினேன் என்பது இன்னும் எரிச்சல்.

நாங்கள் இறங்கியபோது கையில் இருந்த ஒரு நாள் கரைந்துவிட்டிருந்தது. அன்று காலையிலேயே கயலை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வந்திருந்தார். மாமனாரின் சிவந்த கண்ணைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். நான் என் மகனோடு போனேன். போகும்போது, முடியாவிட்டால் சொல்லுங்கண்ணே என்றேன். அதெல்லாம் பாத்துக்கலாம் என்று கையை வீசினார். முடியவில்லை என்று அந்த மனிதர் தன் ஆயுளில் யாரிடமும் சொன்னதாக எனக்குத் தெரியாது.

மதியம் கண்ணைத் திறக்க முடியாமல் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"டீச்சர். எனக்குக் கண்ணு சொருவுது. இதுக்கு மேல புள்ளய பாத்துக்க என்னால முடியாது. வந்து எடுத்துக்கறீங்களா?"

கையைக் கழுவினேனா என்று நினைவில்லை. மகன் கொண்டுபோய் விட்டான். கதவைத் திறந்தவர் நடு ஹாலில் போய் நின்றுகொண்டார். உட்காருங்கண்ணே என்றேன்.

"உக்காந்தா தூங்கிடுவேன் டீச்சர். அவங்க கெளம்பினதுலேருந்து உக்காரல."

குனிந்து பார்த்தேன். கணுக்கால் இரண்டும் வீங்கி, காலுறைக்கு மேல் சதை பிதுங்கியிருந்தது. நின்றபடியே தோசை ஊற்றி, நின்றபடியே ஊட்டி, நின்றபடியே தானும் தின்றிருக்கிறார். குழந்தை யானை வரையச் சொல்லியிருக்கிறாள். தரையில் உட்கார்ந்தால் ஆபத்து என்று தாளைச் சுவரில் ஒட்டி வரைந்து கொடுத்திருக்கிறார். சுவர் முழுக்க யானை. யாழினி சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள், ஒரு குறையும் இல்லை.

சூளையார் ஒவ்வொன்றாகக் காட்டினார். சாப்பாடு ஆச்சு, அடுப்பு அணைச்சாச்சு, பின்கதவு பூட்டியிருக்குது, மாடிப்படி கேட் போட்டிருக்குது. நானும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். பின்கதவை இழுத்துக்கூடப் பார்த்தேன். வந்து அவர் முகத்தைப் பார்த்து எடுத்துக்கிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் நின்ற இடத்திலேயே கார்ப்பெட்டில் படுத்துவிட்டார்.

சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கயல் வீடியோ கால் போட்டாள். பையன் பிறந்திருக்கிறான். அவள் முகம் வெளுத்துக் களைத்திருந்தது. குழந்தையைக்கூடக் காட்டவில்லை.

"அப்பா முழிச்சிருக்காரா டீச்சர்?"

போனைத் திருப்பிக் காட்டினேன். கார்ப்பெட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். கயலின் முகம் அப்படியே சுண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை எதுவோ சொல்ல வாயெடுத்தார்.

"என்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் தூங்கறாரும்மா" என்றேன். "நீங்க கெளம்பினதுலேருந்து உங்கப்பா ஒரு நிமிஷம் உக்காரல. கால பாரு."

போனை அவர் கால் பக்கம் கொண்டுபோனேன். கயல் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்படியே கொஞ்ச நேரம் காட்டிகிட்டு இருங்க டீச்சர்" என்றாள்.

கை கடுத்தது. கண் எரிந்தது. காட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, உள்ளே பார்த்து, நான் பாத்துக்கறேன் டீச்சர் என்று சொல்லும்வரை, அந்த வீட்டில் நானும் உட்காரவில்லை.