போய்ச் சேரும் கட்டணம்

மேகநாட்டில் காசுக்கு உருவம் கிடையாது. செம்பும் வெள்ளியும் மக்களுக்குச் சுமையாக இருக்கின்றன என்று மன்னர் அவற்றையெல்லாம் வாங்கிக்கொண்டு, குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் சாட்சிகளின் ஏட்டில் ஆளுக்கொரு தொகையாக ஏற்றிவிட்டார். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைச் சாட்சிகள் பதிந்தால்தான் அது கொடுத்ததாகும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கக் கோட்டை வாசலில் திருமேனி என்ற அலுவலர் இருந்தார். விளக்கி விளக்கி அவருக்குத் தொண்டையே கட்டிப்போயிருந்தது.

உப்பளத்து ஊரிலிருந்து கூலி வேலைக்கு வந்த செங்கமலம், ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த புருஷனுக்கு மருந்துக் காசு அனுப்ப அவரிடம் வந்தாள்.

"அனுப்புறது இலவசம்னு சொன்னாங்களே, ஐயா?"

"அனுப்புறது இலவசந்தாம்மா. போய்ச் சேர்றதுக்குத்தான் கட்டணம்."

"கொஞ்சமா அனுப்பினா கொஞ்சமாத்தானே எடுப்பாங்க?"

"யானை வாங்கினாலும் கீரை வாங்கினாலும் ஒரே கட்டணம். கூட்டம் அதிகமானா ஏறும். யார் கூடக் கொடுக்கிறாங்களோ அவங்களுதை முதல்ல பதிவாங்க. மத்ததெல்லாம் வரிசையில கிடக்கும்."

"கிடந்து, பதியாமலே போச்சுன்னா?"

"கட்டணம் திரும்ப வராது."

அன்று மருந்துக் காசில் பாதி குன்றுக்குப் போனது.

முணுமுணுப்பு அரண்மனைக்கு எட்டியது. அமைச்சர் கீர்த்திவாணர் நெடுநேரம் யோசித்து, "கட்டணம் என்ற சொல்தான் மக்களை வருத்துகிறது. இனி அது நன்றிக் காணிக்கை" என்று ஆணையிட்டார். காணிக்கையைக் குறைவாகச் செலுத்துவது மரியாதை ஆகாது என்பதால் அது இருமடங்கானது. அப்புறமும் ஜனங்கள் வாசலில் வந்து விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கேட்பதற்கும் காணிக்கை என்று அடுத்த ஆணை வந்தது. திருமேனியிடம் யாரும் வாய் திறக்கவில்லை. மக்கள் தெளிவடைந்துவிட்டதாக அமைச்சர் மன்னருக்கு அறிவித்தார்.

மகிழ்ந்துபோன மன்னர், தாம் நீடிக்கலாமா என்று மக்களே வாக்களித்துச் சொல்லட்டும் என்றார். வாக்கையும் குன்றுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வாக்களிக்கும் நாளன்று காலை செங்கமலம் வந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், ஐயா. இருக்கிறதை மருந்துக்கு அனுப்பவா, ஓட்டுக்கு வைக்கவா?"

காவலன் அந்தப் பக்கம் திரும்பும்வரை திருமேனி காத்திருந்தார். "ஆள் மாறினா காணிக்கையும் ஒழியலாம். அப்புறம் மாசாமாசம் மருந்து போய்ச் சேரும்."

அவள் ஓட்டுக்கே வைத்தாள்.

ஊரே திரண்டதால் காணிக்கை எட்டாத உயரத்துக்கு ஏறியது. அரண்மனை உறவினர்களுக்கும் சாட்சிகளுக்கும் மட்டுமே அது கட்டுப்படியானது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லாமல் மன்னர் வென்றார். "எவருடைய வாக்கும் நிராகரிக்கப்படவில்லை. அவை வரிசையில் உள்ளன" என்றார் கீர்த்திவாணர்.

மறுநாள் செங்கமலம் மூட்டையோடு வந்தாள்.

"வரிசை எப்ப நகரும்?"

"கூட்டம் குறைஞ்சா நகரும்." திருமேனியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப ஒரு ஆள் குறைஞ்சுதுன்னு வெச்சுக்கங்க. மருந்துதான் இல்லை, அவர் தலைமாட்டுலயாவது போய் உக்காந்துக்கிறேன்."

அவள் வெளியேறினாள். அவளுக்குப் பின்னாலும் மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன.

மழைக்காலம் பிறப்பதற்குள் முரசறைந்தார்கள்: மன்னரின் நல்லாட்சியால் காணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது. திருமேனி வாசலில் உட்கார்ந்து கேட்டார். தெருவில் அவரும் முரசறைகிறவனும்தான் இருந்தார்கள்.