மண்டோர் ஆறு, கிராணி மூணு

சுங்கை பெசாரில் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் கடைக்குச் சொந்தக்காரர் சலாவுதீன். அந்தக் கடையில் அவர் ஒருத்தர் மட்டும் சாப்பிட முடியாது.

காரணம் சீனி. கடையில் உள்ள சீனி இல்லை, அவர் ரத்தத்தில் உள்ளது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "அங்கிள், அஞ்சு கிலோ எறக்கணும். ரெண்டு மாசம். கேன்? முடியுமா?" என்றார்.

"கேன், கேன்" என்று இவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த மனைவி ஹஸீனா அதை மனசில் எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலமே கடைக்கு உத்தரவு போய்விட்டது.

மறுநாள் சலாவுதீன் ரொட்டி போடும் பையனின் கல் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, "அஸ்லாம், ஒரு ரொட்டி போடு" என்றார்.

"முடியாது முதலாளி. அக்கா சொல்லிட்டாங்க."

"கடை யாருது?"

"உங்களுது முதலாளி."

"சம்பளம் யாரு தர்றா?"

"நீங்கதான் முதலாளி. ஆனா மசாலாவ அரைச்சு அனுப்புறது அக்கா. அவங்க கோவிச்சுக்கிட்டா நாளைக்குக் கறியே இல்ல லா."

முதலாளி பாலும் சீனியும் இல்லாத ஒரு தே ஓ டீயைக் குடித்துவிட்டு, ஊருக்கெல்லாம் ரொட்டி பறப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஹஸீனா கல்நெஞ்சக்காரி அல்ல. "அஞ்சு கிலோ எறங்கட்டும் மச்சான். என் கையால ஆட்டுக்கால் சூப் வெச்சுத் தர்றேன். பெரிய கிண்ணம் நெறைய" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தச் சூப்பை நினைத்தே சலாவுதீன் தினமும் விடியலில் வயலோர வாய்க்கால் ரோட்டில் நடந்தார். கொக்குகள் முதலில் பயந்து பறந்தன, பிறகு பழகிப்போய் வழி விட்டன. தொண்ணூற்றிரண்டு கிலோ, எண்பத்தொன்பது ஆனது.

அங்கேயே நின்றுவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்தாலும் எண்பத்தொன்பது. ஒற்றைக் காலில் நின்றாலும் எண்பத்தொன்பது. கெடு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வியாழன்.

குளியலறையில் தராசைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒரு குட்டிச் சக்கரம். திருகினால் முள் நகர்ந்தது. கொக்கு, வாய்க்கால், வியர்வை எதுவுமே இல்லாமல் ரெண்டு கிலோ காணாமல் போனது. ஒரே ஒரு சிக்கல், யாரும் ஏறாதபோது முள் பூஜ்யத்துக்கு ரெண்டு கோடு கீழே தூங்கியது. அதன்மேல் ஒரு துண்டை விரித்து மூடினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் துண்டை எடுத்துவிட்டு முதலில் ஏறி நின்றுகொண்டார். அப்புறம்தான் கூப்பிட்டார்.

"ஹஸீனா, வந்து பாரு. எம்பத்தேழு."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் பளபளத்தது. "மாஷா அல்லாஹ். நீங்க செய்ய மாட்டீங்கன்னுதான் நெனச்சேன் மச்சான்."

அந்தப் பளபளப்பு அவரை லேசாகக் குத்தியது. ஆனால் அரை மணியில் அடுப்பில் ஆட்டுக்கால் கொதித்தது. மிளகும் சோம்பும் கலந்த வாசனை வந்து குத்தின இடத்தில் மருந்து போட்டது.

அப்போதுதான் ஹஸீனா கையில் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தாள். "சூப்பு வேகுறதுக்குள்ள பூனைங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுத்துரலாம். நாலு கிலோவுக்கு ஒண்ணாம். நிறுத்துப் பார்த்துட்டுக் குடுக்கணும்."

வீட்டில் ரெண்டு பூனைகள். தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வந்து, தோட்டத்துக் கங்காணி போல அடுப்படியை மேற்பார்வையிடும் தடியன், மண்டோர். ஒல்லியாக, மீசை விறைத்து, எஸ்டேட்டில் ரப்பர் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் ஆளைப் போல எல்லாரையும் சந்தேகமாகப் பார்ப்பது, கிராணி.

சலாவுதீன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "எதுக்குப் புள்ள நிறுக்கணும்? போன மாசம்தான் கிளினிக்ல சொன்னாங்களே. மண்டோர் ஆறு, கிராணி மூணு."

"மருந்து விசயம் மச்சான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாக்கணும்."

இறங்கினதும் அவர் மறுபடி போர்த்தியிருந்த துண்டோடு தராசு சமையலறைக்கு வந்தது. மண்டோரைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்து, துண்டின் ஓரத்தை மடித்து முள்ளைப் பார்த்தாள்.

"நாலுதான் காட்டுது."

மண்டோர் தன் தொப்பையைக் குனிந்து பார்த்தது. அதுக்கே நம்பிக்கை இல்லை.

சலாவுதீன் நெஞ்சை நிமிர்த்தினார். "இது உனக்குப் புரியாது ஹஸீனா. நான் ஃபார்ம் ஃபைவ் பரீட்சையில கணக்குல கிரெடிட் வாங்கினவன். ஸ்பிரிங் பழசாப்போச்சு. எதை வெச்சாலும் ஒரே விகிதத்துல கொறைச்சுக் காட்டும். விகிதம்னா என்னான்னா..."

"சொல்லுங்க மச்சான், கத்துக்கிறேன்" என்றாள், ஆயிரம் பேர் கல்யாணத்துக்குத் தராசே இல்லாமல் மல்லி மூணு பங்கு, மிளகாய் ரெண்டு பங்கு என்று கலக்கிக் கொடுக்கும் ஹஸீனா.

"ஆறு நாலாத் தெரியுதுன்னா, மூணுல ரெண்டு பங்குதான் தெரியுதுன்னு அர்த்தம்."

"அப்ப கொஞ்சம் முந்தி எம்பத்தேழு காட்டின நீங்க?" அவள் விரல்களை மடக்கினாள். "நூத்து முப்பது கிலோவா?"

சலாவுதீன் தன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி, அதை விடுங்க. கிராணி மூணு. உங்க கணக்குப்படி ரெண்டு காட்டணும்." கிராணியைத் தூக்கி வைத்தாள். "ஒண்ணு."

"ப... பூச்சி தின்னிருக்கும்."

"காலையில ரெண்டு கெம்போங் மீன் மண்டோருக்கு, ஒண்ணு கிராணிக்கு. எப்பவும் ரெண்டுக்கு ஒண்ணுதான் வெப்பேன், இன்னிக்கும் தட்டு காலி. பூச்சி தின்ன பூனை இப்படியா சாப்பிடும்?" அவள் அகப்பையைக் கையில் எடுத்தாள். அடிக்க இல்லை, பாடம் நடத்த. "மச்சான், மசாலால மல்லியையும் மிளகாயையும் பாதி பாதியாக் கொறைச்சா ருசி மாறாது. ரெண்டுலயும் ஒவ்வொரு கரண்டிய உருவிட்டா ருசி கெட்டுப்போகும். ஸ்பிரிங்கு பழசா இருந்தா பெரியவன்கிட்ட அதிகம் தின்னிருக்கும், சின்னவன்கிட்ட கொஞ்சமாத் தின்னிருக்கும். இது ரெண்டு பேர்கிட்டயும் சரியா ரெண்டு கிலோ எடுத்திருக்கு. ஸ்பிரிங்குக்கு அவ்வளவு நியாயம் தெரியாது. இது யாரோ கரண்டியால உருவின வேல."

கிராணி இறங்கியது. ஹஸீனா துண்டைச் சர்ரென்று உருவினாள். காலித் தராசில், பூஜ்யத்துக்கு ரெண்டு கோடு கீழே முள் படுத்துக் கிடந்தது.

அடுப்பில் சூப் தன் பாட்டுக்குக் கொதித்தது. களக், களக், களக்.

"கடைசி ரெண்டு கிலோதான் புள்ள" என்றார் சலாவுதீன், தரையைப் பார்த்தபடி. "மத்ததெல்லாம் வாய்க்கால் ரோட்டுல நடந்தது. கொக்கைக் கேட்டுப் பாரு."

ஹஸீனா கணக்குப் போட்டாள். எண்பத்தேழோடு ரெண்டு, எண்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டிலிருந்து மூணு. அகப்பை மெல்ல இறங்கியது. "மூணு கிலோ நெசமாவே போயிருக்கா?"

"நெசமா."

"அதச் சொல்லியிருந்தாலே சந்தோசப்பட்டிருப்பேனே மச்சான்." சற்று முன் வந்த பளபளப்பு திரும்ப வந்தது. இந்தத் தடவை அது அவரைக் குத்தவில்லை. "சரி, அஞ்சு கிலோவுக்கு அஞ்சு அகப்பை. மூணுக்கு?"

"மூணு" என்றார் ஃபார்ம் ஃபைவ் கிரெடிட்காரர், நாக்கில் எச்சில் ஊற.

மூணு அகப்பை கிண்ணத்தில் விழுந்தது. மிச்ச ரெண்டைத் தன் கிண்ணத்தில் ஊற்றி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, எலும்பை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். மண்டோருக்கு ஒன்றரை மாத்திரை, கிராணிக்கு முக்கால். சூப் என்னவோ அபாரமாக இருந்தது.

"பாக்கி ரெண்டு கிலோவ அடுத்த மாசத்துக்குள்ள எறக்கிக் காட்டுறேன் பாரு" என்றார் கிண்ணத்தை வழித்தபடி.

"காட்டுங்க. உங்களால முடியும்" என்றாள், மனசாரத்தான்.

மறு வெள்ளிக்கிழமை புதுத் தெம்போடு தராசில் காலை வைக்கப் போனவரை ஹஸீனா தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறுங்க மச்சான். மொதல்ல கிராணி ஏறட்டும். அவன் மூணு காட்டினாத்தான் நீங்க."