தரைக்குக் கீழே ஒரு படை

சொற்பொழிவு செய்யப் போகிறவனுக்கு இரண்டு பயங்கள் இருக்கும். ஒருவரும் வராமல் போய்விடுவார்களோ என்பது ஒன்று. வந்தவர்கள் கேள்வி கேட்பார்களோ என்பது மற்றது. இரண்டையும் விட ஆபத்தானது மண்டபம் நிறைந்துபோவது. இதை நான் எண்பத்தைந்தாம் ஆண்டு கண்டியில் வைத்துத் தெரிந்துகொண்டேன். (எந்த மாதம் என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை.)

அப்போது நான் நகரத்து டியூட்டரி ஒன்றில் புவியியல் மாஸ்டர். சொந்த ஊர் நாவலப்பிட்டி. வாடகை அறை மஹய்யாவையில். அதே டியூட்டரியில் கணிதம் படிப்பித்த வசந்தியும் நானும் கலியாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். முடிவெடுக்காமல் இருந்தவர் ஒருவர்தான்: அவளுடைய அப்பா ஐயாத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதர், அதாவது தலைமை எழுத்தர். நான் மலையகத்தான், யாழ்ப்பாணத்தார் லேசில் பெண் கொடுக்காத பக்கம். அந்தத் தூரத்தை அவர் வாயால் சொல்லமாட்டார், பண்பானவர். அதற்குப் பதிலாக என் தொழிலைப் பற்றிச் சொல்வார்.

"புவியியல் மாஸ்டர் எண்டால், மகாவலி எந்தப் பக்கம் ஓடுது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுற ஆள்தானே? ஆறு தன்ரபாட்டுக்கு ஓடுது. அதுக்கு நீர் என்னத்துக்கு?"

"நான் மகாவலியோட நிக்கலீங்க ஐயா. இப்ப இயற்கை வாயு பத்தி ஆராய்ச்சி பண்றேன்."

"ஆராய்ச்சியோ? எங்க, ஒருக்கா மேடையில ஏறிச் சொல்லும் பாப்பம். நாலு பேர் வந்து இருந்து கேட்டால், மிச்சத்தை யோசிப்பம்."

ஆராய்ச்சி என்று நான் சொன்னது, நூலகத்தில் யாரும் தொடாத ஓர் அமெரிக்கச் சஞ்சிகைக் கட்டை வாசித்ததைத்தான். அதில் இருந்த சங்கதி இது. சில பாறைகளுக்குள் எரிவாயு இருக்கிறது. ஆனால் பாறை அவ்வளவு இறுக்கம், வாயு வெளியே வராது. தோண்டுகிறவனுக்குச் செலவு அதிகம். ஆகவே அப்படிப்பட்ட வாயுவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று அமெரிக்கர்கள் சட்டம் போட்டார்கள். போட்டவுடன், தோண்டிய ஒவ்வொருவனும் தன் பாறைதான் உலகத்திலேயே இறுக்கமான பாறை என்று சத்தியம் செய்யத் தொடங்கிவிட்டான். எது உண்மையில் இறுக்கம், எது விலைக்காக இறுக்கம் என்று வகைப்படுத்த ஒழுங்குவிதிகள் வந்தன. மாநிலம் பரிந்துரைக்க வேண்டும். மத்திய ஆணைக்குழு ஏற்க வேண்டும்.

இந்த விடயத்தை நான் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம், கண்டி மாவட்டத்தில் இதை மறுத்துப் பேச ஓர் உயிர்கூட இருக்க முடியாது என்பதே.

சிக்கல் தமிழில் இருந்தது. எங்கள் பாடப்புத்தகங்களில் பாறை அடுக்குக்குப் பெயர் 'படை'. பாறைப்படை, மண்படை, ஓசோன் படை எல்லாம் நாங்கள் பரீட்சைக்கு எழுதியவை. நான் நோட்டீசுக்கு எழுதிக்கொண்டு போன தலைப்பு: 'குறைந்த ஊடுபுகவிடும் தன்மையுடைய இயற்கை வாயுப் பாறைப்படைகளை ஒழுங்குவிதிகளின்படி வகைப்படுத்தல்.'

அச்சகத்து முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது தலைப்பா, ரயில் கோச்சிப் பெட்டியா? பெரிய எழுத்துல போடணும்னா நாலஞ்சு சொல்லுதான் புடிக்கும். வெட்டுங்க."

அங்கேயே நின்று வெட்டினேன். 'இயற்கை' போயிற்று. 'வாயு' போயிற்று. 'பாறை' போயிற்று. ஒழுங்குவிதிகளும் வகைப்படுத்தலும் போய், 'குறைந்த' என்பது 'இறுகிய' ஆயிற்று. 'ஊடுபுகவிடும் தன்மை' நாக்கில் தடுக்கியது. 'ஊடுருவல்' என்று மாற்றினேன். ஆட்களை இழுக்க ஒரு கேள்விக்குறியும் வேண்டுமென்று தோன்றியது (இளமை!). மறுநாள் நகரத்துச் சுவர்களில் என் பெயரோடு ஒட்டப்பட்டிருந்தது:

'இறுகிய படைகள்: ஊடுருவுவது எப்படி? அனைவரும் வருக.'

எண்பத்துமூன்று இனக்கலவரம் நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நகரம் அது. எரிந்த கடைகளில் சில இன்னும் கறுப்பாகவே நின்றன. வானொலியில் காலையும் மாலையும் படை, படையினர், ஊடுருவல் என்றே செய்தி. செய்தியை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நோட்டீசையும் பலமுறை வாசித்து எழுத்துப்பிழை இல்லையென்று மகிழ்ந்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

போயாவுக்கு முதல் நாள் பின்னேரம், வாசிகசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசைக் கதிரைகள் முழுவதும் கட்டையாக முடி வெட்டிய, அகன்ற தோள்களுடைய ஆண்கள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்டியில் விஞ்ஞானத்துக்கு இப்படியொரு ஆர்வமா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் வாயைத் திறந்ததும் அத்தனை பேரும் எழுதத் தொடங்கினார்கள். டியூட்டரியில் தொண்டை கிழியக் கத்தினாலும் எழுதாத பிள்ளைகளையே பார்த்துப் பழகிய மாஸ்டர் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் வரிசையில் வசந்தியோடு இருந்த ஐயாத்துரையைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. என் புலமையைக் கண்டு மலைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

"இந்தப் படைகள் வெளியே தெரியாது," என்று முழங்கினேன். "ஆழத்தில் மறைந்திருக்கும். சாதாரண முறைகளுக்கு அசையாது. கடும் அழுத்தம் கொடுத்துப் பிளந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்!"

முன்வரிசை வேகமாக எழுதியது.

"இதில் முக்கியமான கேள்வி, அதிகாரம் யாருக்கு? மாநிலத்துக்கா, மத்திக்கா?"

முன்வரிசை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. கைதட்டப் போகிறார்கள் என்று ஒரு கணம் இடைவெளி கொடுத்தேன். (கொடுத்தேன், உண்மையாகவே கொடுத்தேன்.) அந்த இடைவெளியில் ஒருவர் எழுந்தார். சிவில் உடையில் வந்த, தமிழ் பேசும் முஸ்லிம் பொலிஸ் சார்ஜன்ட் என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் சிங்கள இன்ஸ்பெக்டர்.

"மாஸ்டர், இந்தப் படை எங்க ஈக்கிது?"

முதல் கேள்வி! "தரைக்குக் கீழேங்க. ரொம்ப ஆழத்துல."

"பங்கர்லயா?"

"இல்லீங்க, கல்லுக்குள்ள."

"எவ்வளவு காலமா ஒளிச்சு ஈக்கிறாங்க?"

"கோடிக்கணக்கான வருசமாங்க."

சார்ஜன்ட் இன்ஸ்பெக்டரின் காதில் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். 'ஹமுதா' என்ற சிங்களச் சொல் மட்டும் எனக்குக் கேட்டது. ஹமுதா என்றால் இராணுவம். அப்போதுதான் சுவரில் ஒட்டிய என் நோட்டீஸ் கண்ணுக்குள் பெரிய எழுத்தில் வந்து நின்றது.

பொலிஸ் நிலையத்துக்கு என்னை ஜீப்பில் கொண்டுபோனார்கள். ஐயாத்துரையும் வசந்தியும் பின்னால் பஸ்ஸில் வந்தார்கள். அவர் வந்தது மகள் அழுததால். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பொடியனைத் தேடிப் பொலிசுக்குள் போவது, அதுவும் அரசாங்க உத்தியோகத்தர் போவது, லேசான காரியமில்லை. உள்ளே போனவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்று தெரியாமல் முகாம் முகாமாக அலைந்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் சொன்னதைச் சார்ஜன்ட் தமிழாக்கினார்: "முதல்ல இருந்து எல்லாத்தயும் சொல்லட்டாம்."

சொன்னேன். மில்லிடார்சியில் தொடங்கினேன். பாறையின் ஊடுபுகவிடும் அளவு மில்லிடார்சியில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அது இறுகிய படை ஆகாது என்றேன். எண்ணெயும் கூடுதலாகச் சுரந்தால் அப்போதும் ஆகாது என்றேன். மாநிலம் அனுப்பும் பரிந்துரையில் என்னென்ன வரைபடங்கள் இணைக்கப்பட வேண்டும் என்று விளக்கினேன். பயத்தில் பேசுகிறவனுக்கு நிறுத்தத் தெரியாது. சார்ஜன்ட் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் களைத்தார். இன்ஸ்பெக்டரின் தேநீர் ஆறியது. உபவிதிகளுக்கு வந்தபோது அவர் கையை உயர்த்தி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

சார்ஜன்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் தந்தார்: "அரசாங்கத்தக் கவுக்க வந்தவன் இவ்வளவு அலுப்படிக்க மாட்டானாம்."

என் ஆராய்ச்சிக்கு இதுவரை கிடைத்த ஒரே மதிப்புரை அது.

ஆனாலும் சும்மா விட முடியாதாம். உறவினர் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். என் வீட்டாரோ நாவலப்பிட்டியில். நாளை போயா, அதற்குள் யாரும் வராவிட்டால் என்னை மேலிடத்துக்கு அனுப்புவார்கள். சார்ஜன்ட் சுவரோர வாங்குப் பலகையில் இருந்த ஐயாத்துரையைப் பார்த்தார்.

"ஐயா இவருக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்ச பொடியன்."

"தெரிஞ்சவன் செல்லாது. சொந்தமா ஈக்கணும்."

ஐயாத்துரை கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வசந்தி அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...மருமகன்," என்றார், பல்லுக் கழற்றக் கொடுத்தவர் போல.

"கலியாணம் முடிஞ்சா?"

"இன்னும் இல்லை."

"அப்ப எப்பிடி மருமகன்?"

"வாற தையில," என்றாள் வசந்தி. அவளுடைய அப்பாவுக்கு அது அப்போதுதான் தெரியும். எனக்கும்தான்.

சார்ஜன்ட் பேனையை உருட்டிக்கொண்டே சொல்லிச் சொல்லி எழுதினார்: "மருமகன். வாற தை." ஐயாத்துரை கையொப்பம் வைத்தார். வெளியே வந்து பஸ் தரிப்பிடம் வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பஸ் வந்தபிறகுதான் திரும்பினார்.

"பொலிசில பொய் சொன்னதெண்டு தெரிஞ்சால் என்ர வேலை போகும். விளங்குதோ? இனி உமக்குக் கட்டித்தாறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

தையில் கட்டித்தந்தார்.

அதன் பிறகு இறக்கும்வரை விருந்தாளிகளுக்கு அவர் மருமக்களை அறிமுகம் செய்கிற முறை மாறவேயில்லை. "மூத்தவர் நான் பார்த்து எடுத்த மாப்பிள்ளை. இவர் பொலிஸ் பதிஞ்சு தந்தவர்." எனக்கும் வசந்திக்கும் சண்டை வந்து அவள் அவரிடம் முறையிடப் போனால், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொல்வார்: "என்னட்டை ஏன் பிள்ளை வாறாய்? போய்ச் சார்ஜன்டிட்டைச் சொல்லு."

இப்போது என் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சார்ஜன்ட் எந்த ஊரில் இளைப்பாறுகிறாரோ தெரியாது. எங்கள் வீட்டு வழக்குகள் அத்தனையும் இன்றுவரை அவர் பெயரில்தான் நிலுவையில் இருக்கின்றன.