அனலைசருக்கு நெற்றி எது?

ஒரு பொருள் வாங்குமுன் நாலு பேரிடம் புத்தி கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. கேட்டபடி வாங்குகிறவர்கள் ஒரு வகை. பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முதலே மனதில் நினைத்ததை வாங்கி வருகிறவர்கள் மற்ற வகை. இரண்டாவது வகைக்கு ஒரு சங்கம் அமைத்தால் தலைவர் பதவிக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

வீட்டிலிருந்தே வானொலியில் மற்ற ஊர்க்காரரோடு கதைப்பதற்கான அமெச்சூர் பரீட்சையில் சித்தியடைந்து, உரிமமும் பழைய வானொலிக் கருவி ஒன்றும் கைக்கு வந்துவிட்ட காலம். மிச்சம் அன்ரனாதான். அதை வெறும் கம்பியில் நானே கட்டலாம். ஆனால் கட்டிய கம்பியின் நீளம் சரிதானா என்று பார்க்க அனலைசர் என்ற கருவி வேண்டும். அது ஓர் எண்ணைக் காட்டும். எண் ஒன்றுக்குக் கிட்ட இருந்தால் நாம் அனுப்புவது வானத்துக்குப் போகிறது. எண் ஏற ஏற அது நம்மிடமே திரும்பி வருகிறது. (விஷயம் அவ்வளவுதான். அன்றைக்கு இதை வீட்டில் விளக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது, ஒருவருக்கும் விளங்கவுமில்லை.)

என்னோடு பரீட்சை எழுதிய கனகராயன்குளத்து வதனி ரீச்சர், எனக்கு முன்னரே வானொலியில் கதைக்கத் தொடங்கியிருந்தார். அவரிடம் எந்த அனலைசர் வாங்கலாம் என்று கேட்டேன்.

“புதுசாத் தொடங்கிறவைக்கு அந்த ஒரு எண்ணைக் காட்டினாக் காணும். பெரிய சொக்கெட் உள்ள, பாரமான பெட்டியாப் பாத்து எடுங்கோ. கலர் ஸ்கிரீனைக் கண்டு மயங்கிப் போயிடாதேங்கோ” என்றார்.

“ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்” என்றேன். கலர் ஸ்கிரீன் உள்ளதை வாங்கினேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி அது. திரையில் நாலு நிறத்தில் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடும். அதில் பாதி எதற்கென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உச்சியின் நடுவில், மூக்குத்தி அளவில், பொன்னிறமாக ஒரு குட்டிச் சொக்கெட். அன்ரனாவை அதில்தான் மாட்ட வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் பக்கத்து வானொலிக்காரர்கள் ஒன்றுகூடிக் கதைப்பது வழக்கம். வருகிற ஞாயிறு புதியவனான என்னை அழைப்பதாக ரீச்சர் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

மாமா என் மனைவி சுகியின் அப்பா. முரசுமோட்டையில் வயல் செய்கிறவர். நாங்களும் அவரோடு அங்கேதான் இருக்கிறோம். நெல் விளையாத எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது, கந்தோரில் வேலை பார்க்கும் மருமகன் உட்பட. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் வாயால் ஒரே ஒரு பாராட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று நான் கிடந்து தவித்தேன். அந்த ஞாயிறுதான் அதற்கு நாள் என்று நம்பினேன்.

மாமா அனலைசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிள்ளையாருக்குக் காட்டினதோ?”

“இல்லை மாமா.”

“உழவு மெசின் வந்த அண்டைக்கு நேர கோயிலுக்குத்தான் கொண்டு போனனான். இண்டைக்கும் ஒரு தும்மல் தும்மாம ஓடுது.”

ஞாயிறு காலை இருவரும் கோயிலுக்குப் போனோம். மோட்டார் சைக்கிள், தண்ணீர் பம்பி என்று எத்தனையோ சாமான்களுக்குப் பூசை செய்த ஐயர், கற்பூரம் காட்டிவிட்டு, குழைத்த சந்தனத்தை விரலில் எடுத்தபடி நின்றார்.

“இதுக்கு நெத்தி எது தம்பி?”

மாமா என்னைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவன் பதில் சொல்ல வேண்டிய நேரம். திரையில் வைத்தால் கோடுகள் மறையும். முதுகில் வைப்பது மரியாதையில்லை. உச்சியில் பொன்னிறமாக, வட்டமாக, பொட்டுக்கென்றே செய்தது போல...

“இதுதான் ஐயா” என்று சொக்கெட்டைக் காட்டினேன்.

ஐயர் தாராள மனதுக்காரர். நன்றாக அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் நான் பொட்டைத் துடைத்தேன். (வெளியே தெரிந்ததை மட்டும்.)

முற்றத்து வேம்புக்கும் பாலை மரத்துக்கும் இடையில் கம்பியை இழுத்துக் கட்டினேன். யுத்தம் கண்ட வன்னியில் மரத்தில் கம்பி கட்டுகிறவனை ஒருவரும் சும்மா தாண்டிப் போகமாட்டார்கள். “அனுமதி இருக்கோ?” என்று போகிற வருகிற எல்லாரும் கேட்டதில், உரிமத்தின் பிரதி ஒன்றை வாசல் படலையில் தொங்கவிட்டேன். அதை வாசிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

அனலைசரை மாட்டினேன். எண் ஒன்பது. கம்பி நீளம் கூடிவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு முனையிலும் வெட்டினேன். எட்டு. எனக்குச் சந்தோஷப் புளுகம் பிடிபடவில்லை. இன்னும் வெட்டினேன். வெட்ட வெட்ட எண் இறங்கியது. உண்மையில் அது இறங்கியது வெயிலில் சந்தனம் காயக் காய. மத்தியானத்துக்குப் பிறகு எண் திரும்பி ஏறத் தொடங்கியது. அதற்கும் வெட்டினேன்.

கதிரை போட்டு அமர்ந்திருந்த மாமா, விழுந்த துண்டுகளைப் பொறுக்கி மடியில் சேர்த்தார். “தம்பி, இன்னும் வெட்டினால் மரம் ரெண்டுந்தான் மிஞ்சும்” என்றார்.

நாலு மணிக்குச் சற்று முன் சுகி தேத்தண்ணி கொண்டு வந்தாள். குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

“என்னப்பா, உதில கோயில் வாசம் வருது?”

கழற்றிப் பார்த்தேன். அன்ரனாவின் செருகி முனை அழகாகச் சந்தனம் பூசியிருந்தது. ஈர்க்கால் சொக்கெட்டைக் கிண்டக் கிண்ட, சந்தனத்தின் பின்னால் குங்குமமும் வந்தது. துடைத்து மாட்டியபோது அனலைசர் அன்று முதல் தடவையாக உண்மை பேசியது. வெட்டியதில் கம்பி மிக மிகக் கட்டையாகிவிட்டது. பொட்டு வைக்க நெற்றி காட்டிய என்னை நானே அறையலாம் போலிருந்தது.

ஒட்டுப்போட நேரமில்லை. அப்படியே வானொலியில் மாட்டினேன். ரீச்சரின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. “முரசுமோட்டையில இருந்து ஒரு புது நண்பர் வந்திருக்கிறார். கதையுங்கோ!”

பாடமாக்கி வைத்த பேச்சை ஒப்புவித்தேன். பதில் இல்லை.

“கேக்கேல்லை. நிக்கிறியளோ?”

“நிக்கிறன் ரீச்சர்! நிக்கிறன்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெரு ஒழுங்கை முழுக்கக் கேட்டது, நாய்கள் பதில் குரல் கொடுத்தன. கனகராயன்குளத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

“வெக்கப்படுறார் போல. பரவாயில்லை, அடுத்த கிழமை பாப்பம்” என்றார் ரீச்சர். முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கதிரையை வானொலிக்குக் கிட்ட இழுத்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“உவா உண்மையாக் கனகராயன்குளத்தில இருந்தோ கதைக்கிறா? எங்கட கம்பியிலயோ?”

“ஓம் மாமா.”

“பிறகென்ன, பாதி வேலை முடிஞ்சுது தானே. கம்பிய இறக்கும்.”

மடியிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேலிக்கம்பி முறுக்குவது போல முறுக்கி இணைக்கத் தொடங்கினார். அந்த முடிச்சுக்கம்பியில்தான் அடுத்த ஞாயிறு என் குரல் வெளியே போனது. ஒவ்வொரு முடிச்சையும் வருகிறவர்களுக்கு மாமாதான் இன்றும் காட்டுகிறார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. சுகி குசினியிலிருந்து கூப்பிட்டு நான் பேசாமல் இருந்தால், மாமா கதிரையில் இருந்தபடி அறிவிப்பார்: “அவருக்குக் கேக்குது பிள்ளை. அவற்ற சத்தம்தான் வெளியில வராது.”

நான் மறுத்துப் பேசுவதுண்டு. ஆனால், கேட்டதாக ஒருவரும் காட்டிக்கொள்வதில்லை.