மாமாவுக்கு இன்னும் பதினெட்டு வருஷம்

“செத்துப்போற கணக்குப் படிக்கீராமே மாப்பிள்ளை, மெய்தானா?”

கங்காணி வேதமுத்து இப்படிக் கேட்டபோது மிக்கேல்ராஜ் ஜன்னல் வழியாக மாட்டுப்பட்டிச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வெயிலில் நெருக்கமாக நின்ற தேயிலைச் செடிகள், கீழே இறங்க இறங்க மங்கி, மஞ்சுக்குள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வயது ஏற ஏற ஆட்கள் குறைந்துகொண்டே வருகிற ஆயுள் அட்டவணையும் இப்படித்தானே என்று சொக்கிப்போயிருந்தான். பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நினைக்கிற நினைப்பா இது?

அவன் எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார். தனியாகப் படித்துக் கணிதத்தில் எம்.ஏ. எழுதி, மதராஸில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆயுள் கணக்குப் போடும் ஆக்சுவரி ஆவதாகக் கனவு. அந்தக் கனவில் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும். பக்கத்தில் கங்காணியின் மகள் அன்னமேரி இருப்பாள். அவள் இல்லையென்றால் விசிறியும் வேண்டாம், மதராஸும் வேண்டாம். இன்றைக்குத் தேதி வைத்துவிட்டால், சாயங்காலப் பூசைக்கு வருகிற சாமியார் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடுவார். விட்டால், மழைக்காலம் முடிந்துதான் மறுபடி மலையேறுவார்.

“ஆமா மாமா. ஆயிரம் பேர்ல வருசத்துக்கு எத்தனை பேர் போவாங்கன்னு கணக்கு.”

“அதுல நான் உண்டா?”

“ஒரு ஆளுக்குன்னு சொல்ல முடியாது மாமா.”

வேதமுத்து கடிக்கப்போன முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “தெரிஞ்சுக்கிட்டே மறைக்கீரு.”

மிக்கேல்ராஜ் பதறினான். “உங்க வயசுக்காரங்களுக்கு இன்னும் பதினெட்டு வருசம் கிடக்கு மாமா.”

“அப்போ என்னவே அவசரம்? நான் கண்ண மூடுறதுக்குள்ள முடிக்கணும்னுல்லா தவிச்சேன். அஞ்சாறு வருசம் போகட்டும். நீரும் படிச்சு முடிச்சிரும்.”

கதவுக்குப் பின்னால் அன்னமேரியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

“ஐயோ மாமா, அது சராசரி. பாதிப் பேர் அதுக்கு முன்னாலயே போயிருவாங்க. நாளைக்கேகூட…”

வேதமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். “அப்போ எம் மகள நல்ல கையில பிடிச்சுக் குடுக்கணும். உமக்கு எத்தனை வருசம் கிடக்கு?”

கணக்கென்று வந்தால் மிக்கேல்ராஜுக்கு வாய் நிற்காது. “நாப்பது.”

“எம் மகளுக்கு?”

“இங்கிலீஷ்காரன் அட்டவணைப்படி பொம்பளைங்களுக்கு நாலு வருசம் கூட. எனக்கு இருபத்துமூணு, அவளுக்குப் பத்தொம்பதுன்னு சொன்னீங்க. அது ஒரு நாலு. எனக்கு அப்புறம் எட்டு வருசம் இருப்பா மாமா.” பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று உறைத்தது.

“எட்டு வருசம் எம் மக தாலியறுத்து நிக்கணுமா?” வேதமுத்து எழுந்துவிட்டார். “ஓலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சாமியார்ட்ட நானே சொல்லிருதேன்.”

கணக்கு தப்பு என்று ஒரு பொய் சொன்னால் போதும். பாவி மகன் மிக்கேல்ராஜுக்கு அதற்கு நாக்கு எழவில்லை. மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. விசிறியும் மதராஸும் அதில் கரைந்துகொண்டிருந்தன.

வேதமுத்துவின் மனைவி சூசையம்மாள் தேத்தண்ணியை மாப்பிள்ளை முன்னால் வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“உக்காருங்க. பொண்ணு வயசுல அந்த எட்ட நீங்கதான குறைச்சுச் சொன்னீய? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவாக.”